பீட்டர் போஸ்ட் மிதித்த சாலைகள்

வடபிரான்சில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய ரூபே நகரத்தில், சைக்கிள் பந்தயத் திடலுக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய குளியல் கூடம் இருக்கிறது. உள்ளே நெஞ்சளவு உயரத்துக்குச் சிமென்ட் சுவர் எழுப்பித் தடுத்த சின்னச் சின்ன அறைகள். கதவு கிடையாது. உட்கார ஒரு பலகை, துணி மாட்ட ஆணி. அதற்கப்பால் சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும் குழாய்கள். ஒவ்வொரு தடுப்பிலும் பித்தளைத் தகடு அடித்து, பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றவரின் பெயரையும் ஆண்டையும் பொறித்திருக்கிறார்கள். சேறோ புழுதியோ தலையிலிருந்து கால்வரை அப்பிக்கொண்டு வந்து சேரும் வீரர்கள் தலைமுறை தலைமுறையாக உடம்பு கழுவிய இடம் இது. இப்போது பெரும்பாலானவர்கள் தங்கள் அணியின் பேருந்திலேயே குளித்துவிடுகிறார்கள்.

நான் போனது நவம்பரில். பந்தயக் காலம் முடிந்து, திடலில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. காவலர் கூடத்தைத் திறந்துவிட்டு, எதையும் கேட்காமல் வெளியே போய் நின்றுகொண்டார். தகடுகளை ஒவ்வொன்றாகப் படித்தபடி நடந்தேன். எடி மெர்க்ஸ், ரோஜே டி விளமிங்க், பெர்னார் இனோ. சைக்கிள் பந்தயத்தின் வரலாறே அங்கே சுவரில் வரிசையாக இருந்தது. நான் தேடி வந்தவர் 1964இல் வென்ற பீட்டர் போஸ்ட்.

ஆம்ஸ்டர்டாமில் 1933இல் பிறந்தவர் போஸ்ட். நெடுநெடுவென்ற உயரம். பாரிஸ்–ரூபேயை வென்ற முதல் நெதர்லாந்துக்காரர். பந்தயத்தை விட்டபின் அணி இயக்குநராகி, இருபது ஆண்டுகளுக்கு மேல் அணிகளை நடத்தினார். வீரராக அவருக்கு இணையானவர்களும் மேலானவர்களும் உண்டு. அணி இயக்குநராக அவருக்குச் சமமானவர்கள் மிகக் குறைவு என்பது என் துணிபு. அவர் வாழ்க்கை நடந்த இடங்களை ரூபேயில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிடும் எண்ணத்தில்தான் இந்தப் பயணம் புறப்பட்டேன்.

1964ஆம் ஆண்டுப் பந்தயத்தின் தூரம் 265 கி.மீ. போஸ்ட் அதை ஆறு மணி நேரத்துக்குள் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 45.129 கி.மீ. இந்தச் சாதனையை 2017வரை, அதாவது 53 ஆண்டுகள், யாராலும் முறியடிக்க முடியவில்லை. அன்றைய சைக்கிளும் டயரும் சாப்பாடும் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. அன்று முதுகுப்பக்கம் நல்ல காற்று இருந்தது உண்மை. போருக்குப் பின் ஊராட்சிகள் கல் பாவிய சாலைகளுக்கு ஒவ்வொன்றாகத் தார் போட்டுவந்தன என்பதும் உண்மை. ஆனால் அந்தக் காற்றும் தார்ச்சாலையும் அன்று ஓட்டிய எல்லோருக்கும் பொதுதானே?

கடைசியில் ரூபே திடலுக்குள் நுழைந்த சிறு குழுவில் போஸ்ட்டுடன் பெனோனி பெஹெய்ட் இருந்தார். பெல்ஜியத்துக்காரர், முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியன், வானவில் பட்டைச் சட்டை போட்டவர். சாலையில் முடிகிற பந்தயமாக இருந்தால் பெஹெய்ட்டுக்கே வாய்ப்பு அதிகம் என்று பலர் பந்தயம் கட்டியிருப்பார்கள். ஆனால் பாரிஸ்–ரூபே முடிவது சாய்வான சிமென்ட் தடத்தில். போஸ்ட் குளிர்காலம் முழுவதும் இரவிரவாகச் சுற்றிய மரத்தடங்களும் அதேபோலச் சாய்வானவைதான். சாய்வின் எந்த உயரத்திலிருந்து இறங்கினால் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். பெஹெய்ட் இரண்டாவதாக வந்தார்.

மறுநாள் வாலேர் ஊரை ஒட்டிய அரான்பெர்க் காட்டுக்குப் போனேன். நிலக்கரிச் சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. காட்டின் நடுவே நூல் பிடித்தாற்போல ஒரே நேராக, 2 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது அந்தக் கல்சாலை. கற்கள் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் கிடக்க, இடுக்குகளில் பாசியும் அழுகிய இலையும். நடந்தாலே கணுக்கால் பிசகும். குனிந்து ஒரு கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். வழவழப்பும் கூர்மையும் ஒரே கல்லில் இருந்தன. வாடகை சைக்கிளில் கொஞ்ச தூரம் அழுத்திப் பார்த்தபோது ஹேண்டில்பாரின் அதிர்ச்சி தோள்வரை ஏறியது.

போஸ்ட் வென்றபோது இந்தச் சாலை பந்தயத்தில் இல்லை. 1965இல் பந்தயப் பாதையில் கல் பாவிய பகுதி வெறும் 22 கி.மீ.தான் மிஞ்சியிருந்தது. இப்படியே போனால் பாரிஸ்–ரூபே தன் முகத்தையே இழந்துவிடும் என்று நடத்துபவர்கள் பயந்து, தார் படாத கல்சாலைகளைத் தேடித் திரிந்தார்கள். அரான்பெர்க்கைச் சொல்லிக்கொடுத்தவர் ழான் ஸ்டாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்து, இந்தக் காட்டுக்கு அடியிலிருந்த சுரங்கத்திலேயே வேலை செய்து, பின்னர் உலகச் சாம்பியனானவர். 1968இல் பந்தயம் முதல்முறையாக இங்கே நுழைந்தது. சாலையின் வாயிலில் அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. யாரோ வைத்துவிட்டுப் போன பூக்கள் மழையில் ஊறிக் கிடந்தன. இன்று பந்தயத்தில் ஏறத்தாழ 55 கி.மீ. கல்சாலை உண்டு. அந்தக் கற்களைப் பராமரிப்பதற்கென்றே தன்னார்வலர் சங்கம் ஒன்று செயல்படுகிறது.

அரான்பெர்க்குக்கு அருகில் டெனான். ஒரு காலத்தில் இரும்பாலை நகரம். 1982ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸில் அணிகள் மொத்தமாக நேரத்துக்கு எதிராக ஓடும் கட்டம் இந்த வட்டாரத்தில்தான் தொடங்கியது. வேலை பறிபோன உசினோர் ஆலைத் தொழிலாளர்கள் டெனானில் சாலையை மறித்தார்கள். அன்றைய கட்டம் ரத்தானது. அந்த வகைப் போட்டியில் போஸ்ட்டின் அணியை வெல்ல ஆளில்லாத காலம் அது; அன்று இழந்ததை அவர்கள் சில நாள் கழித்து பிரெத்தாஞ் பகுதியில் வென்று எடுத்துக்கொண்டார்கள். ஆலைத் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு மறுநாள் வரவில்லை. டெனானின் கடைத்தெருவில் பூட்டிக் கிடக்கும் கதவுகளைக் கடந்து நடக்கையில், அன்று மறித்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது.

ரூபேயிலிருந்து கோர்ட்ரைக் வழியாக கென்ட் நகரத்துக்கு ரயில். கென்ட் ரயிலடியிலிருந்து நடக்கிற தொலைவில் சிட்டாடல் பூங்கா. அதற்குள் கைப்க என்னும் சைக்கிள் அரங்கம். ஒவ்வொரு நவம்பரிலும் அங்கே ஆறு நாள் பந்தயம் நடக்கும். நான் பயணத்தை நவம்பரில் வைத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

போஸ்ட்டைப் புரிந்துகொள்ள ஆறு நாள் பந்தயத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். கைப்கவின் மரத்தடம் வெறும் 166 மீட்டர் சுற்று. ஆறு சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர். வளைவுகள் சுவர் போல எழும்பி நிற்கின்றன. தடத்துக்கு நடுவே நூற்றுக்கணக்கானவர்கள் பியர் கோப்பையும் கையுமாக நிற்க, பாட்டு காதைப் பிளக்கிறது. இருவர் இருவராகச் சேர்ந்தது ஒரு ஜோடி. ஒருவர் பந்தயத்தில் ஓட, மற்றவர் சாய்வின் உச்சியில் மெதுவாகச் சுற்றி மூச்சு வாங்குவார். ஓடுபவர் பின்னாலிருந்து பாய்ந்து வந்து, கூட்டாளியின் கையைப் பிடித்து, தன் வேகம் முழுவதையும் அவர் கைக்குள் திணித்து முன்னே எறிவார். எறிந்தவர் தளர, எறியப்பட்டவர் அம்பாகப் பாய்வார். இது நடப்பது கண் சிமிட்டும் நேரத்தில், மணிக்கு ஐம்பது கி.மீ. வேகத்தில், பக்கத்தில் இன்னும் பத்து ஜோடிகள் அதையே செய்துகொண்டிருக்கும்போது. நான் வேலியோரம் நின்றிருந்தேன். கைகள் சேர்ந்து பிரியும் ‘சளக்’ என்ற ஓசை பாட்டையும் மீறிக் கேட்டது. பலகைகள் அதிர்வது காலுக்கடியில் தெரிந்தது.

போஸ்ட் இப்படிப்பட்ட பந்தயங்களில் 65 வென்றார். பெர்லின், பிரஸல்ஸ், ஆண்ட்வெர்ப், ஆம்ஸ்டர்டாம் என்று குளிர்காலம் பூராவும் ஊர் ஊராகச் சுற்றினார். சுவிட்சர்லாந்தின் ஃப்ரிட்ஸ் ஃபெனிங்கரோடு சேர்ந்து வென்றவை பல. ஆறு நாள் பந்தயங்களின் பேரரசர் என்றே அவரை அழைத்தார்கள். பின்னாளில் பாட்ரிக் செர்க்கு 88 வென்று அதைக் கடந்தார்.

அந்த உலகத்தில் கால் பலம் பாதிதான். நட்சத்திர வீரர் அரங்க முதலாளியோடு தானே பேரம் பேசிக் கூலியைத் தீர்க்க வேண்டும். கூட்டாளி சோர்ந்துவிட்டாரா, நடிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். எந்த இரவில் அடக்கி ஓட்டுவது, எந்த இரவில் வெளுத்து வாங்குவது என்று கணக்குப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் வேகத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தளர்வதுதான் வெற்றிக்கு வழி என்பது உடம்பில் ஊறியிருக்க வேண்டும். போஸ்ட் பின்னால் நடத்திய அணிகளின் முறை முழுவதும் இந்த மரத்தடத்தில் பிறந்தது என்று நான் நம்புகிறேன்.

ஓட்டத்தை நிறுத்தியபின் 1974இல் அவருக்கு ஒரு வேலை வந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருந்த ராலே நிறுவனம் ஐரோப்பாவில் சைக்கிள் விற்பதற்காக ஒரு பந்தய அணியை வைத்திருந்தது. அதை நடத்தித் தரும்படி போஸ்ட்டை அழைத்தார்கள். அணியின் பெயர் டி.ஐ.–ராலே.

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரலாம். டி.ஐ. என்றால் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். அதே நிறுவனம் முருகப்பா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் தொடங்கியதுதான் சென்னை அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ். நம் தாத்தாக்களும் அப்பாக்களும் கேரியரில் நெல்மூட்டையும் முன்கம்பியில் பிள்ளையுமாக ஓட்டிய ஹெர்குலிஸ் அங்கிருந்து வந்தது. ராலே 1960இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தார் றலி என்று ஆசையோடு சொல்லும் சைக்கிளும் இந்த ராலேதான். பந்தய அணியின் ஃபிரேம்களுக்கான ரெனால்ட்ஸ் 753 குழாய்களும் இதே குழுமத்தின் தயாரிப்பு. இங்கிலாந்தின் இல்கஸ்டன் என்ற சிற்றூரில் இருந்த தனிப் பட்டறையில் கையால் ஃபிரேம் கட்டினார்கள். போஸ்ட்டின் வீரர்கள் நெஞ்சில் போட்டிருந்த இரண்டு எழுத்தும் அம்பத்தூர்த் தொழிலாளி சம்பளச் சீட்டில் பார்த்த இரண்டு எழுத்தும் ஒன்றே. இந்தத் தொடர்பு தெரியவந்த நாளிலிருந்தே போஸ்ட் எனக்கு அந்நியராகத் தெரியவில்லை.

அணி இயக்குநர் என்ன செய்கிறார் என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. சைக்கிளை மிதிப்பவர் வீரர். பின்னால் காரில் வருபவருக்கு என்ன பெருமை? தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் ஒருவர் இல்லாவிட்டால் தேர் மாடவீதி முக்கில் திரும்பாது. அவர் வேலைதான் இதுவும். யார் முன்னால் ஓட வேண்டும், யார் ஒதுங்க வேண்டும், எப்போது பாய வேண்டும், எப்போது எதிரணிகளை ஓடவிட்டுக் களைக்க வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவு அவருடையது.

போஸ்ட் கண்டிப்பானவர். கோட்டும் டையுமாகத்தான் காணப்படுவார். அணிக் கார்கள் பளபளவென்று இருக்க வேண்டும், உடை கசங்கக் கூடாது, சாப்பாட்டு மேசைக்கு நேரத்துக்கு வர வேண்டும். சைக்கிளில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலும் பொறுக்கமாட்டார். தலைமை மெக்கானிக் யான் லெகிராந்த் அதற்குமேல் கண்டிப்பானவர் என்று பெயர் வாங்கினார். பிரிட்டிஷ் வீரர்களோடு தொடங்கிய அணி, சில ஆண்டுகளில் பெரும்பாலும் நெதர்லாந்து அணியாக மாறிவிட்டது. இங்கிலாந்தில் இதில் மனத்தாங்கல் இருந்தது. வெற்றி வரத் தொடங்கியதும் ராலே அதைப் பொறுத்துக்கொண்டது.

1977இல் உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. டீட்ரிஷ் டூராவ் என்ற 22 வயது ஜெர்மானியர் டூர் டி பிரான்ஸின் முதல் நாளிலேயே, முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையை வாங்கி, இரண்டு வாரத்துக்கு மேல் கழற்றவில்லை. கடைசியில் ஐந்தாமிடம். அதே அணியின் ஹென்னி கைப்பர் ஆல்ப் டுயெஸ் மலை உச்சியில் வென்று, மொத்தத்தில் வெறும் 48 வினாடியில் முதலிடத்தைத் தவறவிட்டார். மறு ஆண்டு கெரி க்னேட்டமான் உலகச் சாம்பியன். அதற்கு அடுத்த ஆண்டு யான் ராஸ்.

கென்டிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் போனேன். அங்கே 1928 ஒலிம்பிக்குக்குக் கட்டிய செங்கல் அரங்கம் இன்னும் நிற்கிறது. ஒரு காலத்தில் அதற்குள்ளே மைதானத்தைச் சுற்றிச் சைக்கிள் தடம் இருந்தது. தடப் போட்டிகளின் உலகச் சாம்பியன்ஷிப்பே அங்கே நடந்திருக்கிறது. புதுப்பித்தபோது தடத்தை இடித்துவிட்டார்கள். அரங்கத்துக்குள் நின்று அந்தச் சாய்வு எங்கே இருந்திருக்கும் என்று தேடினேன். ஒன்றும் மிச்சமில்லை. போஸ்ட்டின் ஊரில் போஸ்ட்டைக் காட்டும் சின்னம் எதுவும் என் கண்ணில் படாதது வருத்தமாக இருந்தது.

ஊருக்கு வடக்கே படகில் கால்வாயைக் கடந்து, டுர்கர்டாம் வழியாக ஏரிக்கரைச் சாலையில் சைக்கிளில் போனேன். அங்கே வேறொன்று கிடைத்தது. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் தட்டையான புல்வெளி. மரம் மட்டை இல்லாத வெட்டவெளி. ஏரியிலிருந்து பக்கவாட்டில் அடிக்கும் காற்றில் சைக்கிளை நேராக நிறுத்தவே முடியவில்லை. எதிரே உள்ளூர்க் கிளப் ஒன்றின் வீரர்கள் வந்தார்கள். நேர்வரிசையில் வரவில்லை, சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சாய்கோடு போட்டாற்போல, ஒருவர் பின்சக்கரத்துக்குச் சற்றுப் பக்கத்தில் இன்னொருவர். காற்றை முழுதாக வாங்குபவர் ஒருவரே. மற்றவர்கள் அவர் மறைவில். சில நொடிகளில் அவர் மெல்லப் பின்வாங்க, அடுத்தவர் அவர் இடத்துக்கு வந்தார். யாரும் யாருக்கும் குரல் கொடுக்கவில்லை. அகலமான சாலையில் பத்துப் பேருக்கு இந்த மறைவு கிடைக்கும். பதினோராவது ஆளுக்குச் சாலையே இல்லை. அவர் ஓரத்துப் புல்லை ஒட்டி, எதிர்ப்படும் காற்றையெல்லாம் தனியாகத் தாங்கி, கடைசியில் பிய்த்துக்கொண்டு பின்தங்குவார்.

போஸ்ட்டின் அணி எதிரிகளைக் கொன்றது இப்படித்தான். காற்று திரும்பும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்து, சாலை திரும்பிய மறுகணம் ஏழெட்டுப் பேரும் முன்னால் போய்ச் சாய்கோடு கட்டிவிடுவார்கள். டூரில் அணிகள் மொத்தமாக நேரத்துக்கு எதிராக ஓடும் கட்டங்களில் அவர்கள் கிட்டத்தட்ட அசைக்க முடியாதவர்களாக இருந்தார்கள். 1980இல் அப்படி இரண்டு கட்டம், இரண்டும் அவர்களுக்கே. 1981இலும் இரண்டு, அவையும் அவர்களுக்கே. எட்டுப் பேரில் யார் வென்றாலும் சரி என்று எதிரணிக்குத் தெரியும்போது, யாரைத் துரத்துவது? ஒருவர் பாய்ந்து பிடிபட்டதும் இன்னொருவர் பாய்வார். அவரையும் பிடித்தால் மூன்றாமவர். ஆறு நாள் பந்தயத்தின் கை மாற்றும் வித்தையை நெடுஞ்சாலையில் எட்டுப் பேருக்கு விரித்ததுதான் இது.

1980 அவர்களின் உச்சம். பிரெஞ்சு அணி ஒன்றிலிருந்து யோப் சூட்டமெல்க்கை போஸ்ட் அழைத்துக்கொண்டார். வயது 33. டூரில் அதுவரை ஐந்து முறை இரண்டாமிடம் வந்தவர். முதலிடம் வாய்க்காத மனிதர் என்று முத்திரை குத்தப்பட்டவர். அந்த ஆண்டு பெர்னார் இனோ முழங்கால் வலியால், மஞ்சள் சட்டை தன்னிடம் இருக்கும்போதே, போ நகரத்தில் இரவோடு இரவாக விலகினார். அதனால் முதலிடத்துக்கு வந்த சூட்டமெல்க் அடுத்த நாள் மஞ்சள் சட்டையைப் போட மறுத்தார். மோதி வாங்காத சட்டை அது என்ற மரியாதை. அந்த மரியாதைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். பாரிஸ் வரும்போது சட்டை அவருடையதாகிவிட்டது. அணி அந்த டூரில் மொத்தம் 11 கட்டங்களை வென்றிருந்தது. அவருக்குப்பின் இன்றுவரை எந்த நெதர்லாந்துக்காரரும் டூர் டி பிரான்ஸை வெல்லவில்லை.

சூட்டமெல்க் 1979 டூரில் ஊக்கமருந்துக்காகப் பத்து நிமிடத் தண்டனை பெற்றவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்போது அவர் போஸ்ட்டின் அணியில் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்துச் சைக்கிள் பந்தயத்தை அழுக்கே படாததாகக் காட்டி எழுத என்னால் முடியாது.

பயணத்தின் கடைசி ஊர், நெதர்லாந்தின் தென்கோடியில் இருக்கும் வால்கென்பர்க். நாட்டின் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இங்கேதான் இருக்கிறது. 1853இல் கட்டியது. ஊருக்கு நடுவிலிருந்தே காவ்பெர்க் மேடு தொடங்குகிறது. 1.2 கி.மீ.தான். ஆனால் பாதி ஏறும்போதே செங்குத்தாகி மூச்சை அடைக்கிறது. தட்டை நாடு என்று நினைத்து வந்தவர்களின் நினைப்பை இந்த மேடு மாற்றிவிடும். நான் ஏறும்போது ஒரு பாட்டி மின்சைக்கிளில் கையசைத்தபடி என்னைக் கடந்து போனார்.

1979 உலகச் சாம்பியன்ஷிப் இந்த மேட்டில்தான் நடந்தது. யான் ராஸ் வென்றார். ஸீலாந்து மாநிலத்துக் கிராமத்தில் பிறந்தவர், கண்ணாடி போட்டுக்கொண்டே ஓட்டுபவர், சூழ்ச்சியில் மன்னன். இரண்டாவதாக வந்தது பழைய அணித்தோழர் டூராவ். கடைசி ஓட்டத்தில் இத்தாலியர் பட்டாக்லின் கீழே விழுந்ததும், ஏற்றத்தில் ராஸுக்குத் தள்ளுக் கிடைத்தது என்ற பேச்சும் இத்தாலியில் இன்னும் ஆறாத புண். இதே வட்டாரத்தில் நடக்கும் ஆம்ஸ்டல் கோல்டு ரேஸை ராஸ் ஐந்து முறை வென்றார்.

இப்படிப்பட்டவர்கள் பலர் ஒரே கூரைக்குக் கீழ் எவ்வளவு காலம் இருப்பார்கள்? போஸ்ட்டுக்கும் ராஸுக்கும் ஒத்துப்போகவில்லை. 1983 முடிவில் அணி உடைந்தது. ராஸ் தன்னோடு சிலரை அழைத்துக்கொண்டு க்வாண்டம் என்ற புதிய அணிக்குப் போனார். போஸ்ட் மீதிப் பேரோடு பானசோனிக் நிறுவனத்தின் ஆதரவில் வேறு அணி அமைத்தார். ஒருவர் வெல்வதைவிட மற்றவர் தோற்பதே முக்கியம் என்பதுபோல இரு தரப்பும் மோதிக்கொண்ட பந்தயங்கள் உண்டு. பானசோனிக்கும் சாதித்தது. எரிக் ஃபாண்டரார்டன் அந்த அணிக்காக டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தையும் பாரிஸ்–ரூபேயையும் வென்றார். எரிக் ப்ரௌகிங்க் 1988 ஜீரோ டி இத்தாலியாவில் காவியா கணவாயின் பனிப்புயல் நாளை வென்றார். டூர் மட்டும் போஸ்ட்டுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. 1994உடன் அவருடைய அணி முடிந்தது. 2011 ஜனவரியில், 77 வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார்.

உடைந்ததில்தான் விதை இருந்தது. ராஸ் 1985இல் ஓட்டத்தை நிறுத்தி அதே க்வாண்டம் அணியின் இயக்குநரானார். ஆதரவாளர் மாற மாற அணியின் பெயரும் மாறியது: சூப்பர்கான்ஃபெக்ஸ், பக்லர், வேர்ட்பெர்ஃபெக்ட், நோவெல், 1996இலிருந்து ரபோபேங்க். 2012இல் ஊக்கமருந்து விவகாரம் வெடித்து வங்கி விலகியபோதும் அணி சாகவில்லை. யும்போ, பிறகு விஸ்மா. 2023இல் இத்தாலியின் ஜீரோ, பிரான்ஸின் டூர், ஸ்பெயினின் வுவெல்டா மூன்றையும் மூன்று வெவ்வேறு வீரர்களை வைத்து ஒரே ஆண்டில் வென்றது இந்த அணிதான். எவர் வென்றாலும் அணி வென்றது என்ற போஸ்ட்டின் பாடத்தை அதில் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ராஸ் மட்டுமல்ல. டி.ஐ.–ராலேயில் ஓடிய சேஸ் ப்ரீம் டி.வி.எம். அணியை நடத்தினார். கைப்பர் ஜெர்மனியில் தொடங்கி வைத்த அணியே பின்னர் டெலிகாம் ஆனது. க்னேட்டமான் நெதர்லாந்தின் தேசியப் பயிற்சியாளராகி, 2004இல் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே உயிரிழந்தார். பானசோனிக்கில் ஓடிய தியோ டி ரோய், ராஸுக்குப்பின் ரபோபேங்கின் பொறுப்பை ஏற்றார். 1985 பாரிஸ்–ரூபேயில் சேறு பூசிய முகத்தோடு, இது ஒரு பந்தயமா என்று தொலைக்காட்சியில் கொதித்துவிட்டு, மறுபடி ஓடுவீர்களா என்று கேட்டதும் உலகிலேயே அழகான பந்தயம் இதுதான், கட்டாயம் ஓடுவேன் என்று சொன்னவர் அவர்தான். லியோ ஃபான் ஃப்லீட் ஆம்ஸ்டல் கோல்டு ரேஸைப் பல ஆண்டு நடத்தினார். இவர்களில் பலருக்குப் போஸ்ட்டோடு கசப்பு இருந்தது. ஆனால் தாங்கள் பொறுப்புக்கு வந்தபோது நேரம், ஒழுங்கு, வேலைப் பங்கீடு எல்லாவற்றிலும் அவர் போட்ட பாதையிலேயே போனார்கள். நெதர்லாந்தில் அவரைவிட நல்ல வீரர்கள் வந்துவிட்டார்கள். அவரைவிட நல்ல அணி இயக்குநர் இன்னும் வரவில்லை என்பதே என் தீர்ப்பு.

வால்கென்பர்க் போக விரும்புகிறவர்கள் ஏப்ரலில் போங்கள். ஆம்ஸ்டல் கோல்டு ரேஸ் அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். முந்தைய நாள் நம்மைப் போன்றவர்கள் ஓட்டுவதற்கென்றே தனி நிகழ்ச்சி உண்டு. தங்கும் அறையைப் பல மாதம் முன்னதாகவே பிடித்து வையுங்கள். சைக்கிள் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். காவ்பெர்க்கில் ஏறும்போது சிறிய கியரைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.